எல்கேடர்: அயோவாவில் ஓர் அமீரின் பெயர்

ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலம் சோளத்துக்கும் பன்றி வளர்ப்புக்கும் பேர்போனது. முஸ்லிம் வரலாற்றைத் தேடிப் போகிற ஒருவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் அம்மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், மிஸிஸிப்பி நதியில் போய் விழுகின்ற ஓர் ஆற்றின் கரையில், எல்கேடர் என்றொரு ஊர் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 1,200 பேர். நம் நாட்டுக் கணக்கில் ஒரு கிராம சேவகர் பிரிவுக்குள் அடங்கிவிடக்கூடிய தொகை.

அப்படியிருந்தும் அது ஒரு தலைநகர். அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே கவுண்டி என்றொரு நிர்வாகப் பிரிவு உண்டு. அயோவாவில் மட்டும் 99 கவுண்டிகள். அவற்றுள் ஒன்றான கிளேட்டன் கவுண்டிக்கு எல்கேடர்தான் தலையூர். நீதிமன்றம், காணிப் பதிவு, வரி அறவீடு எல்லாம் அங்கேதான். எங்கட பேச்சில் சொன்னால் ‘கச்சேரி இருக்கிற ஊர்’. 1889இல் கட்டிய இரட்டை வளைவுக் கற்பாலம் ஒன்றும், 1903இல் கட்டிய நாடக அரங்கு ஒன்றும் அவ்வூரின் பெருமைகள். ஆற்றின் பெயர் டர்க்கி. துருக்கி நாட்டோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. டர்க்கி என்றால் அங்கே வான்கோழி.

ஆற்றின் பெயரில் இல்லாத சம்பந்தம் ஊரின் பெயரில் இருக்கிறது. பிரான்ஸை எதிர்த்துப் பதினைந்து வருடங்கள் போராடிய அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாஇரியின் பெயரே 1846இல் இவ்வூருக்குச் சூட்டப்பட்டது. அமெரிக்காவில் ஒரு முஸ்லிம் தலைவரின் பெயரைத் தாங்கிய ஊர் என்று நம்மவர்கள் பலர் இதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. “பாருங்க, அமெரிக்காவிலயும் நம்மட ஆள்ட பேர்ல ஊர் இருக்கு” என்ற வார்த்தையை ஜும்ஆ மேடையிலும் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தலிலும் கேட்டிருக்கிறேன். பெருமைப்படுவதில் பிழையில்லை. ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது, எந்த நிலத்தின் மீது வந்தது, பின்னர் அதற்கு என்ன நடந்தது என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பெருமையைவிடக் கனமான ஒன்று நம் கையில் மிஞ்சும்.

பெயர் சுருங்கிய விதம்

‘அப்துல் காதிர்’ என்பது அரபியில் ‘காதிரின் அடிமை’. அல்காதிர் என்பது அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்று. ஆற்றலுடையவன் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் அப்பெயரை மூன்று துண்டாக எழுதினார்கள். அமெரிக்கர்கள் முன்துண்டை விட்டுவிட்டுப் பின்னிரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். அடிமை போய்விட்டான், ஆண்டவனின் பெயர் மட்டும் நின்றது. வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

நாமும் இதையேதான் செய்கிறோம். அப்துல் காதர் என்று பெயர் வைத்துவிட்டு, “காதர் நானா”, “காதர் காக்கா” என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தப் பெயர் நம்மிடையே இவ்வளவு பெருகியதற்குக் காரணம் பக்தாதில் அடங்கியிருக்கும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி. அமீருக்கு அந்தப் பெயர் வந்ததும் அதே வழியால்தான். அவரது குடும்பம் காதிரிய்யா தரீக்காவின் ஷெய்குமார் குடும்பம். தந்தையின் பெயரே முஹ்யித்தீன். இளவயதில் தந்தையோடு ஹஜ்ஜுக்குப் போன அமீர், பக்தாதுக்கும் போய் அந்த ஸியாரத்தைத் தரிசித்து வந்தவர். ஆக, பலாங்கொடை தப்தர் ஜெய்லானியில் கொடியேற்றுகிற நம் சமூகத்துக்கும் அயோவாவின் அந்தச் சிற்றூருக்கும் பெயரின் வேர் ஒன்றே.

மூன்று வருடங்கள், இரண்டு கண்டங்கள்

1830 ஜூன் மாதம் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸுக்கு அருகே கரையிறங்கியது. 1832 நவம்பரில் முஅஸ்கர் நகரை அடுத்த கெரிஸ் சமவெளியில் மேற்கு அல்ஜீரியக் கோத்திரங்கள் கூடி, இருபத்து நான்கு வயதளவில் இருந்த அப்துல் காதிருக்குப் பைஅத் செய்தன. தந்தை முதுமையைக் காரணம் காட்டி விலகிக்கொள்ள, பொறுப்பு மகனிடம் வந்தது. 1837இல் செய்துகொண்ட தஃப்னா உடன்படிக்கை நாட்டின் பெரும்பகுதியை அவரிடம் விட்டது. அவர் வரி அறவிட்டார், நாணயம் அடித்தார், ஒழுங்கான படை திரட்டினார், காழிகளை நியமித்தார். 1839இல் போர் மீண்டும் மூண்டது. தளபதி பியூஜோ பயிரையும் களஞ்சியத்தையும் எரிப்பதையே போர்முறையாக்கினார். 1843இல் அமீரின் கூடாரத் தலைநகரமான ஸமாலா பிடிபட்டது. அவர் சேர்த்துவைத்த நூலகமும் அதோடு அழிந்தது. 1845இல் தஹ்ரா மலைக் குகையொன்றில் ஒதுங்கிய கோத்திரத்தார் நூற்றுக்கணக்கில், வாயிலில் மூட்டிய தீயின் புகையால் மூச்சடைத்து இறந்தனர்.

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம். பிரெஞ்சுப் படை கரையிறங்குவதற்குச் சரியாக இரண்டரைக் கிழமைக்கு முன்னர், 1830 மே 28ஆம் திகதி, பழங்குடியினரை மிஸிஸிப்பிக்கு மேற்கே அனுப்புவதற்கான சட்டத்தில் ஜனாதிபதி அன்ட்ரூ ஜாக்சன் ஒப்பமிட்டார். அமீர் பைஅத் பெற்ற அதே 1832இல் ஸோக் இனத் தலைவர் பிளாக் ஹோக், தம் மக்கள் ஆயிரம் பேரளவில் பெண்கள் குழந்தைகளுடன் மிஸிஸிப்பியைக் கடந்து பழைய ஊருக்குத் திரும்ப முயன்றார். முடிவில் பேட் அக்ஸ் என்ற இடத்தில் நதியைக் கடந்து தப்ப முனைந்த மக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். அந்தச் செப்டெம்பரில் கையெழுத்தான உடன்படிக்கையால் நதியின் மேற்குக் கரையோரம் 60 இலட்சம் ஏக்கர் வெள்ளையருக்குப் போனது. கிழக்கு அயோவாவின் குடியேற்றம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மூன்றாவது வருடம் 1846. அந்த ஒக்டோபரில் ஹோ-சங்க் இனத்தவர் வடகிழக்கு அயோவாவில் தங்களுக்கென்று விடப்பட்டிருந்த நிலத்தையும் உடன்படிக்கை மூலம் கைவிட்டனர். இரண்டு வருடங்களில் அவர்கள் மின்னசோட்டாவுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். அவர்களைக் கண்காணிக்கக் கட்டிய அட்கின்ஸன் கோட்டை நின்றது இதே டர்க்கி ஆற்றின் மேற்பகுதியில். அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், அதே வருடம், திமொத்தி டேவிஸ், ஜோன் தொம்ஸன், செஸ்டர் ஸேஜ் என்ற மூவர் மா அரைக்கும் ஆலைக்கும் ஊருக்குமாக நிலம் எடுத்து, அதற்கு எல்கேடர் என்று பெயரிட்டார்கள்.

இவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அயோவாவில் முஸ்லிம்கள் பள்ளிவாசல் கட்டியது வெகுகாலம் கழித்து. அதே மாநிலத்தின் சீடர் ரெப்பிட்ஸ் நகரில் 1934இல் எழுந்த அப்பள்ளியை இன்று ‘அமெரிக்காவின் தாய்ப் பள்ளிவாசல்’ என்கிறார்கள். டேவிஸ் ஒரு வழக்கறிஞர். பின்னர் 1857 முதல் 1859 வரை அமெரிக்கக் காங்கிரஸில் இருந்தவர். அவர் அமீரைக் கண்டதில்லை. அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகள் அமீரின் போராட்டத்தைத் தொடர்ந்து எழுதிவந்தன. ஒரு பேரரசை எதிர்த்து நிற்கும் சிறிய மனிதன் என்ற சித்திரம், பிரித்தானியாவை எதிர்த்து விடுதலை பெற்ற நாட்டவர்களுக்குப் பிடித்துப்போனது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த 1846 ஏப்ரலில், அமீர் தொலைவில் இருந்தபோது, அவரது முகாமில் பிரெஞ்சுக் கைதிகள் பெருந்தொகையில் கொல்லப்பட்டார்கள். கைதிகளை நல்லபடி நடத்துவதற்கு விதிகள் வகுத்தவர், உணவில்லாத வேளையில் கைதிகளை விடுவித்தவர் என்று பெயரெடுத்த ஒருவரின் முகாமில் அது நடந்தது. அவரது ஆட்சியின் இறுதிக்கால நெருக்கடி அப்படி. வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் வாசித்தால் இது கண்ணில் படாது.

தூரத்து வீரனும் பக்கத்து வீரனும்

ஆக, டர்க்கி ஆற்றங்கரையில் நிலத்தைக் காக்கப் போராடிய ஒருவரின் பெயர், நிலம் பறிக்கப்பட்ட இடத்தின் மீது எழுதப்பட்டது. டேவிஸும் கூட்டாளிகளும் கெட்டவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. அவர்களது உள்ளத்தில் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அல்ஜீரியா தூரம். அங்கு எதிர்த்து நிற்பவன் வீரன். பிளாக் ஹோக் பக்கம். அவர் எதிர்த்து நின்றால் அது போர், அதை அடக்க வேண்டும்.

அயோவாவின் வரைபடம் முழுக்க இந்தக் கதைதான். பிளாக் ஹோக் 1838இல் இறந்தபின் அவர் பெயரில் ஒரு கவுண்டி வந்தது. ஹோ-சங்க் தலைவர் வின்னஷீக் பெயரிலும் ஒரு கவுண்டி உண்டு. அமெரிக்கா மெக்ஸிகோ மீது படையெடுத்து வென்ற பாலோ அல்டோ, பியூனா விஸ்டா, செரோ கோர்டோ போர்க்களங்களின் பெயரிலும் மூன்று கவுண்டிகள். எதிர்த்தவனின் பெயரும் வென்றவனின் வெற்றியும் ஒரே பட்டியலில் சண்டையில்லாமல் நிற்கின்றன. பெயர் வைப்பதற்குக் காசு செலவில்லை. இதற்கு மாறாக, மெஸ்குவாக்கி இனத்தவர் 1857இல் டாமா கவுண்டியில் தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுத்து 80 ஏக்கரைத் திரும்ப வாங்கினார்கள். இன்றும் அங்கே இருக்கிறார்கள். அயோவாவில் மரியாதை என்றால் என்ன என்று கேட்டால், நான் முதலில் அந்த 80 ஏக்கரைத்தான் காட்டுவேன்.

பெயர் வைத்த பிறகு நடந்தது

பெயர் வைத்து ஒரு வருடத்தில் அமீர் தோற்றார். 1847 டிசம்பரில், அலெக்ஸாந்திரியாவுக்கோ அக்காவுக்கோ போக விடுவோம் என்ற பிரெஞ்சுத் தளபதியின் வாக்கை நம்பிச் சரணடைந்தார். வாக்குக் காக்கப்படவில்லை. துலோன், போ, அம்புவாஸ் என்று பிரான்ஸிலேயே ஐந்து வருடங்கள் அடைத்துவைத்தார்கள். கூட வந்தவர்களில் பலர் அம்புவாஸ் கோட்டையில் மௌத்தாகி அங்கேயே அடக்கப்பட்டார்கள். 1852இல் விடுதலையாகி புர்ஸாவுக்குப் போனார். 1855இல் திமஷ்குக்கு வந்தார். உமையாப் பள்ளிவாசலில் பாடம் நடத்தினார்.

அவரது வாழ்வின் பெரிய சோதனை அங்கேதான் வந்தது. 1860 ஜூலையில் திமஷ்கின் கிறிஸ்தவத் தெருக்களுக்குள் கும்பல் புகுந்தது. சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். உஸ்மானிய ஆளுநர் கைகட்டி நின்றார். அமீர் தன்னோடு வந்திருந்த அல்ஜீரிய வீரர்களைத் தெருவில் இறக்கினார். ஓடி ஒளிந்தவர்களைத் தேடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவரச் செய்தார். கிறிஸ்தவர் ஒருவரை உயிரோடு கொண்டுவந்தால் பணம் தருவதாக அறிவித்தார். வீடு நிறைந்தபோது கோட்டைக்கு அனுப்பிக் காவல் போட்டார். காப்பாற்றப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கினர். அவர்களுள் பிரான்ஸின் கொன்ஸல் அலுவலகத்தாரும் இருந்தார்கள். அவருடைய நாட்டை விழுங்கியது பிரான்ஸ். அவரை வாக்குமாறிச் சிறையில் வைத்தது பிரான்ஸ். பழி தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறென்ன? அவர் வாசலைத் திறந்தார். மார்க்கம் கட்டாயப்படுத்தியதையே செய்தேன் என்றுதான் பின்னர் எழுதினார்.

கவ்காஸில் ரஷ்யாவை எதிர்த்துப் போராடித் தோற்று அப்போது சிறைப்பட்டிருந்த இமாம் ஷாமில், இச்செய்தி அறிந்து அமீரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். காவலில் உள்ள பிறமதத்தவருக்கு அநியாயம் செய்பவருக்கு எதிராக நபி (ஸல்) அவர்களே வாதாடுவார்கள் என்ற கருத்துள்ள ஹதீஸை அதில் நினைவூட்டினார். ஆயுதம் ஏந்திய இரு முஜாஹிதுகள் இந்த விஷயத்தில் ஒரே மொழி பேசினார்கள் என்பது நம் இளைஞர்களின் காதில் விழ வேண்டிய செய்தி.

பிரான்ஸ் தன் உயர் விருதைக் கொடுத்தது. ஆபிரகாம் லிங்கன் ஒரு சோடி கைத்துப்பாக்கிகளை அனுப்பினார். இந்த லிங்கன், 1832இல் பிளாக் ஹோக்குக்கு எதிரான படையில் தொண்டர் கப்டனாகச் சேர்ந்தவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். தூரமும் பக்கமும் என்று மேலே சொன்னது அவருக்கும் பொருந்தும்.

எல்கேடர் என்ற பெயர் 1846இல் வைக்கப்பட்டது. உலகம் அமீரை மதிக்கக் காரணமான செயல் 1860இல் நடந்தது. பெயர் பதினான்கு வருடம் முந்திவிட்டது. அவர் போர்க்களத்தில் நின்றபோது வைத்த பெயருக்கு, அவர் ஆயுதத்தை ஒப்படைத்த பின்னர்தான் முழுப் பொருள் வந்தது.

ஊர் தன் பெயரைத் தேடியபோது

அமீர் 1883இல் திமஷ்கில் வஃபாத்தாகி, தாம் நேசித்த இப்னு அரபியின் அருகே அடக்கப்பட்டார். அல்ஜீரியா 1962இல் விடுதலை அடைந்தபின் 1966இல் அவரது உடல் அல்ஜியர்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. எல்கேடரிலோ ஜெர்மானியரும் பிறரும் வந்து குடியேறி, ஆலையும் பண்ணையும் தேவாலயமுமாக ஊர் வளர்ந்தது. அந்த நீண்ட காலத்தில் பெயரின் சொந்தக்காரர் யாரென்பது ஊரவர் பலருக்கே நினைவில் இல்லாமல் போயிற்று.

1984இல் எல்கேடரும் அமீரின் ஊரான முஅஸ்கரும் சகோதர நகரங்களாயின. இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் போய்ப் பார்த்தார்கள். 2001 செப்டெம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் அரபுப் பெயர் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். எல்கேடர் தன் பெயரையும் மாற்றவில்லை, உறவையும் அறுக்கவில்லை. 2008 ஜூனில் டர்க்கி ஆறு பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்தது. அப்போது அல்ஜீரிய அரசு அந்தச் சிற்றூருக்கு நிதியுதவி அனுப்பியது. வெள்ளத்தில் நின்றவர்களுக்குத் தங்கள் ஊர்ப் பெயர் ஒரு நாட்டின் கையாக வந்து சேர்ந்தது.

அதே 2008இல் ஜோன் கைஸர் என்ற எழுத்தாளர் ‘அமீருல் முஃமினீன்’ என்று பொருள்படும் தலைப்பில் அமீரின் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதையொட்டி எல்கேடரிலேயே அப்துல்காதிர் கல்வித் திட்டம் என்ற அமைப்பு உருவானது. அது அமெரிக்க மாணவர்களிடையே அமீரைப் பற்றிய கட்டுரைப் போட்டியை நடத்துகிறது. பாடசாலை ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இந்த ஊரின் பெரிய காரியமாகப் படுவது இதுதான். பலகையில் எழுதிய பெயரைப் பிள்ளைகள் படித்து, யோசித்து, தங்கள் சொந்த வசனத்தில் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு சோளக் கொல்லைப் பிள்ளை, ‘பகைவனின் மக்களை ஏன் ஒருவர் காப்பாற்ற வேண்டும்’ என்ற கேள்வியோடு ஒரு பின்னேரமாவது மல்லுக்கட்டுகிறது.

நமக்கு என்ன வேலை?

அமீர் திமஷ்கில் தனியாக நின்றவர் அல்லர். நகரின் மைதான் பகுதி முஸ்லிம்களும் தங்கள் அயல் கிறிஸ்தவர்களைக் காத்தார்கள். அவர்கள் பெயரில் எந்தக் கண்டத்திலும் ஊர் இல்லை. அமீருக்குப் பத்திரிகைகள் இருந்தன, கொன்ஸல்மார் சாட்சி இருந்தார்கள். மைதான் தெருக்காரர்கள் அடுத்த நாள் கடையைத் திறந்திருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் எல்கேடர் நம் நாட்டுக்குள் வருகிறது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் காத்த முஸ்லிம்களும் சிங்களவரும் இருந்தார்கள். அதற்குப் பிறகு நாம் கண்ட ஒவ்வொரு கெட்ட காலத்திலும், நம்மைக் காத்த அயலவரும் நாம் காத்த அயலவரும் இருந்திருக்கிறார்கள். சில இடங்களில் காக்கத் தவறியும் இருக்கிறோம். அதையும் எழுதத்தான் வேண்டும். தூரத்து அமீரைக் கொண்டாட நமக்குச் செலவில்லை, டேவிஸுக்கு இல்லாததுபோல. பக்கத்து வீட்டுக் கதையை எழுதப்போனால் சங்கடம் வரும். “இப்ப ஏன் அதக் கிளர்றீங்க” என்பார்கள்.

எழுத வேண்டியவர்கள் நாம்தான். அன்று இருபது வயதாக இருந்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. கதவைத் திறந்த உம்மாமார் பலர் மௌத்தாகிவிட்டார்கள். ஆகவே இந்தச் சஞ்சிகைக்கும் அதன் வாசகர்களுக்கும் என் வேண்டுகோள் இரண்டு. ஒவ்வொரு ஊரிலும் உயர்தர மாணவர்களைக் கொண்டு இத்தகைய வாய்மொழிச் சாட்சியங்களை, பெயர், தெரு, திகதியோடு பதிவுசெய்ய ஒரு தொடர் முயற்சி வேண்டும். அமீர் அப்துல் காதிரின் வாழ்க்கையைப் பற்றித் தமிழிலும் சிங்களத்திலும் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் எழுதக்கூடிய ஒரு கட்டுரைப் போட்டியும் வேண்டும். 1,200 பேர் கொண்ட ஒரு கச்சேரியூருக்கு முடிந்தது நமக்கு முடியாமல் போகாது. முதல் பதிவுகளை என் பாடசாலை மாணவர்களிடமிருந்து அனுப்பிவைக்கிறேன்.